நான்கு ஃபிளாஷ், ஒரு பேசின்: வீட்டிலேயே ரிங் லைட் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸைச் சுற்றி வளையமாக ஒளி தரும் ரிங் லைட்டை வீட்டிலேயே செய்ய நினைக்கும், முகப்படம் எடுப்பவர்களுக்கான பக்கம் இது. ஏற்கெனவே கையில் ஒன்றிரண்டு ஸ்பீட்லைட் (கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷ்) இருக்கிறது, இன்னும் இரண்டு வாங்கவோ இரவல் கேட்கவோ வழி இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கலாம் என்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சென்னையில் என்ன எங்கே கிடைக்கும், இந்த ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

கடையில் எல்.இ.டி. ரிங் லைட் மலிவாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்த வேலை?

வீடியோ எடுப்பதென்றால் எல்.இ.டி.யையே வாங்குங்கள், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஃபிளாஷ் ஒரு நொடியின் சிறு பகுதியில் பளிச்சிட்டு அணைந்துவிடும்; வீடியோவுக்கு அதனால் பயன் இல்லை.

புகைப்படத்துக்குக் கணக்கு வேறு. எல்.இ.டி. வளையத்தை வைத்து ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100-ல் எஃப் 8 என்ற சிறிய அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) வேண்டுமென்றால் ஷட்டரை மெதுவாக்கியே ஆக வேண்டும். முகம் அசையும், ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட் வெளிச்சமும் கலந்துவிடும். நான்கு ஸ்பீட்லைட் இருந்தால் எஃப் 8 பெரிய விஷயமே இல்லை. 1/8 சக்தியில் வைத்தால் ஒளி பாயும் நேரமும் மிகக் குறைவு. துள்ளும் கூந்தல், தூவிய பொடி எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். கண்ணுக்குள் தொடர்ந்து விளக்கு அடித்துக்கொண்டிருக்காது என்பதால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணைச் சுருக்குவதும் குறையும்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிட்டால் நான்கு தனி ஃபிளாஷ் கையில் இருக்கும்; மறுநாள் கல்யாண மண்டபத்துக்கு எடுத்துப் போகலாம். அதனால்தான் எதையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள் என்று கீழே அடிக்கடி சொல்வேன்.

ரிங் லைட்டில் அப்படி என்ன விசேஷம்?

லென்ஸைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளி வருகிறது. மூக்கின் நிழலை இடப்பக்க ஒளி வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்க ஒளி அதை அழித்துவிடுகிறது. மிச்சமிருப்பது உருவத்தைச் சுற்றிப் பின்சுவரில் விழும் மெல்லிய நிழல் விளிம்பு. கன்னமும் தாடையும் வளைந்து விலகும் இடங்களில் வெளிச்சம் குறைவதால் முகத்தின் ஓரங்கள் தானாகவே கொஞ்சம் கறுத்து, கோடு போட்டதுபோல் தெரியும். கருவிழியில் வட்டம் விழுவது எல்லோருக்கும் தெரிந்ததே.

பல் மருத்துவம்தான் இதற்குப் பிறந்த வீடு. 1952-ல் லெஸ்டர் டைன் என்பவர் பல் வரிசையை நிழல் விழாமல் படமெடுப்பதற்காக இதை உருவாக்கினார். வாய்க்குள் ஒரு பக்கமிருந்து விளக்கடித்தால் பாதிப் பல் இருட்டில்தானே கிடக்கும்! ஃபேஷன் படங்களுக்கு அது வந்தது பிற்பாடு.

எத்தனை ஃபிளாஷ் வேண்டும்? இரண்டு போதாதா?

இரண்டில் செய்யலாம், மேலும் கீழும் பிரகாசமாகி இரு பக்கமும் மங்கலாக இருக்கும். மூன்று பரவாயில்லை. நான்கு வைத்தால் சரியாக வரும். ஆறு, எட்டு என்று போனால் எடையும் பேட்டரிச் செலவும் ஏறுகிறதே தவிர, படத்தில் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

வெளிச்சக் கணக்கு எளிது. ஃபிளாஷ் எண்ணிக்கை இரட்டித்தால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்கு, கூடும். ஒன்றுக்கு நான்கு என்றால் இரண்டு ஸ்டாப். கைடு நம்பர் (மீட்டர் தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கி ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) மொழியில் சொன்னால், 36 உள்ள நான்கு ஃபிளாஷ் சேர்ந்து 72. நான்கு மடங்கு இல்லை, இரண்டு மடங்குதான்.

ஆனால் நான்கு வைப்பது வெளிச்சத்துக்காக மட்டுமில்லை. வேலையை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றும் குறைந்த சக்தியில் ஓடும், சீக்கிரம் மறுபடி சார்ஜ் ஆகும், சூடாகாது. முழு சக்தியில் மூச்சுத் திணறும் ஒரு ஃபிளாஷைவிட 1/8-ல் சாவகாசமாக ஓடும் நான்கு எவ்வளவோ மேல்.

ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது. வேறு வேறு என்றால் இரண்டு சிக்கல். ஒன்றில் 1/8 என்பது இன்னொன்றில் 1/8-க்குச் சமமாக இருக்காது. நிறமும் லேசாக மாறும். ஒரு கன்னம் நீலம் தட்டும், மறு கன்னம் மஞ்சள் தட்டும். முதலாவதைச் சரிசெய்யலாம், இரண்டாவதைச் சரிசெய்வது கஷ்டம்.

டி.டி.எல். (கேமராவே ஃபிளாஷின் அளவைத் தீர்மானிக்கும்) வசதிக்குக் காசு கொடுக்காதீர்கள். தூரம் மாறாத வேலை இது, மேனுவலே போதும். கோடாக்ஸ் டிடி 600, யாங்நுவோ ஒய்என் 560 வரிசையின் நான்காம் பதிப்பு போன்ற மேனுவல் ஃபிளாஷ்களில் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. இரண்டையும் கலந்து வாங்கினால் ஒன்றின் ரேடியோ மற்றதற்குப் புரியாது.

வளையத்தை எதில் செய்வது?

நான் சொல்வது பிளாஸ்டிக் பேசின். துணி ஊறவைக்கும் வட்டமான பேசின், வெள்ளையாக, வாய் அகலம் 45 முதல் 50 செ.மீ., ஆழம் 15 செ.மீ. அளவில் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். அலுமினிய அன்னக்கூடையும் வடிவத்தில் பொருந்தும். ஆனால் துளை போடுவது பாடு, எடையும் கூடும்.

நடுவில் லென்ஸுக்கான குழாய்க்கு 110 மி.மீ. பி.வி.சி. பைப் எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் கழிவுநீருக்குப் போடும் அதே பைப்தான். எந்தப் பிளம்பரிடமும் வெட்டியது போக ஒரு சாண் துண்டு கிடக்கும். 77 மி.மீ. ஃபில்டர் போடும் லென்ஸ்கூட அதற்குள் தாராளமாக நுழையும்.

பின்னால் தாங்குவதற்கு 12 மி.மீ. பிளைவுட் பலகை. முன்னால் மூடுவதற்கு டிஃப்யூசர், அதாவது ஒளியைப் பரப்பும் திரை. அதைப் பற்றிக் கீழே தனியாகவே பேச வேண்டும்.

செய்முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

பேசினின் அடிப்பாகத்தைப் பலகை மேல் கவிழ்க்காமல் உட்கார வைத்து, இரண்டுக்கும் நடுவே 110 மி.மீ. வட்டம் வரையுங்கள். வட்டத்தை வெட்ட ஹோல் சா உள்ள கார்பெண்டரிடம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தந்துவிடுவார். கையில் செய்வதென்றால் வட்டத்தின் ஓரமாக நெருக்கி டிரில் போட்டு, ஆக்ஸா பிளேடால் இணைத்து, அரத்தால் தேய்க்கலாம். பேசின் பிளாஸ்டிக்கில் டிரில்லை வேகமாக ஓட்டினால் உருகிப் பிசுபிசுக்கும், இல்லையென்றால் விரிசல் விடும், மெதுவாக ஓட்டுங்கள்.

இப்போது ஃபிளாஷ் தலைக்கான நான்கு செவ்வகத் துளைகள். ஸ்பீட்லைட் தலை ஏறக்குறைய 8-க்கு 6 செ.மீ. இருக்கும், உங்களுடையதை அளந்து அரை செ.மீ. கூட்டி வெட்டுங்கள். அந்த இடைவெளியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சையோ ஃபோம் டேப்பையோ ஒட்டினால் தலை இறுக்கமாக உட்காரும், இழுத்தால் வரும். மேல், கீழ், இடம், வலம் என்று கூட்டல் குறியாக வைக்காதீர்கள். பெருக்கல் குறியாக, மூலைகளில் வையுங்கள். ஃபிளாஷ் உடல்கள் பின்பக்கம் உங்களை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். இடமும் வலமும் வைத்தால் கேமராவைப் பிடிக்கும் கை இடிக்கும்.

ஃபிளாஷின் அடிப்பாதத்தைக் காற்றில் விடக்கூடாது. அலுமினியப் பட்டையை எல் வடிவில் வளைத்து, நுனியில் கோல்ட் ஷூ (மின்தொடர்பில்லாத ஃபிளாஷ் தாங்கி) மாட்டி, பலகையில் நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். வாஷர் போடாமல் விட்டால் பிளைவுட்டை போல்ட் தலை தின்றுவிடும்.

தலைகள் நேராக முன்னோக்கி அடித்தால் நான்கு பிரகாசப் புள்ளிகள் தெரியும். அதனால் ஒவ்வொரு தலைக்கும் 5 செ.மீ. முன்னே, 8 செ.மீ. சதுர வெள்ளை ஃபோம் போர்டுத் துண்டை நிறுத்துங்கள். ஒளி அதில் மோதித் திரும்பி, பேசின் சுவரெங்கும் பரவி, பிறகுதான் வெளியே வரும். ஸ்டுடியோக்காரர்கள் பியூட்டி டிஷ் என்று சொல்லும் சாதனத்தில் நடப்பதும் இதேதான். ஃபிளாஷ் தலையில் உள்ள, ஒளியை அகலமாக்கும் வைடு பேனலையும் இழுத்துவிடுங்கள்.

பேசினின் உள்பக்கமும் குழாயின் வெளிப்பக்கமும் பளபளப்பில்லாத வெள்ளை. பலர் அலுமினியத் தாள் ஒட்டச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கசங்கிய தாளில் ஒளி கோடுகோடாகத் தெறிக்கும். குழாயின் உள்பக்கம் மட்டும் கறுப்பு, அதுவும் மேட் கறுப்பு. இல்லையென்றால் லென்ஸுக்குள் ஒளி கசிந்து படம் வெளிறும்.

டிஃப்யூசருக்கு எது நல்லது?

மொத்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஃபிளாஷ் எந்தக் கம்பெனி என்பதைப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. டிஃப்யூசர் மோசம் என்பதைக் கருவிழியைப் பார்த்தே சொல்லிவிடலாம்: வட்டத்துக்குப் பதிலாக நான்கு பொட்டு.

பட்டர் பேப்பர் மலிவு. எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும், கோடம்பாக்கத்து லைட்மேன்கள் காலங்காலமாக நம்பும் பொருள். ஆனால் சென்னைப் புழுக்கத்தில் தளர்ந்து அலையடிக்கும், நாளாக நாளாக மஞ்சளாகும். சோதனை செய்ய நல்லது, நிரந்தரத்துக்கு வேண்டாம். காடாத் துணி நன்றாகப் பரப்பும், வெளிச்சத்தையும் நிறைய விழுங்கும். சலவை செய்து கஞ்சியில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். பால்வெள்ளை அக்ரிலிக் ஷீட், 2 மி.மீ., பார்வைக்கும் பயனுக்கும் சிறந்தது. கடைப் பலகை செய்பவர்களிடம் மீந்த துண்டு இருக்கும். வெளிவட்டம், உள்வட்டம் அளவைக் கொடுத்தால் லேசரில் வெட்டித் தருவார்கள்.

தடிமனான ஒரே அடுக்கைவிட, 3 செ.மீ. இடைவெளி விட்ட இரண்டு மெல்லிய அடுக்கு மேல். முதல் அடுக்கு உடைத்த ஒளியை இரண்டாவது மறுபடி உடைக்கிறது. டிஃப்யூசரை வெல்க்ரோவால் ஒட்டுங்கள். உள்ளே ஃபோம் போர்டுத் துண்டைச் சரிசெய்ய அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும்.

சமமாகப் பரவியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வளையத்தையே படமெடுங்கள். எல்லா ஃபிளாஷையும் மிகக் குறைந்த சக்திக்கு, பெரும்பாலும் 1/128, இறக்கி, எதிரே ஒன்றரை மீட்டரில் நின்று ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 என்று வைத்து வளையத்தின் முகத்தைப் பார்த்து ஒரு படம். இன்னும் வெளுத்திருந்தால் அபர்ச்சரை மேலும் மூடுங்கள். எங்கே திட்டு, எங்கே மங்கல் என்று அப்பட்டமாகத் தெரியும். திட்டு இருக்கும் இடத்தில் ஃபோம் போர்டைச் சற்றுப் பெரிதாக்குங்கள். நான்கு மூலைக்கும் இடையே மங்கினால் துண்டைத் தலையிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிரகாசமான இடத்துக்கும் மங்கலான இடத்துக்கும் ஒரு ஸ்டாப்புக்குக் குறைவான வித்தியாசம் என்றால் போதும். முகத்தில் அது தெரியாது.

நான்கையும் ஒரே நேரத்தில் எப்படி அடிக்க வைப்பது?

ரேடியோ டிரிகர். கேமரா மேல் ஒரு டிரான்ஸ்மிட்டர், எல்லா ஃபிளாஷும் ஒரே சேனல். மேலிரண்டை ஏ குரூப், கீழிரண்டை பி குரூப் என்று வைத்தால், கீழே ஒரு ஸ்டாப் குறைத்து முகத்துக்குக் கொஞ்சம் வடிவம் கொடுக்கலாம்.

காசு மிச்சம் வேண்டுமென்றால் ஆப்டிகல் ஸ்லேவ். ஒரு ஃபிளாஷ் அடித்ததைப் பார்த்து மற்றவை அடிக்கும். கேமராவின் பாப்-அப் ஃபிளாஷ் பலகையின் பின்னால் இருப்பதால் ஃபிளாஷ் உடல்களுக்கு அது நன்றாகவே தெரியும். பாப்-அப் டி.டி.எல்.லில் இருந்தால் முன்கூட்டியே ஒரு சிறு வெட்டு வெட்டும். எஸ் 1-ல் (முதல் வெட்டுக்கே அடிக்கும் ஸ்லேவ் முறை) உள்ள ஃபிளாஷ் அதற்கே ஏமாந்து அடித்துவிடும். பாப்-அப்பை மேனுவலுக்கு மாற்றுங்கள், அல்லது முன்வெட்டைப் பொருட்படுத்தாத எஸ் 2-க்குப் போங்கள். மொட்டை மாடி வெயிலில் ஆப்டிகலை நம்ப முடியாது.

ஷட்டர் 1/160 அல்லது 1/200. அதற்கு மேல் போனால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழலாம்.

அப்பா காலத்து ஃபிளாஷ் வீட்டில் கிடக்கிறது. அதைச் சேர்க்கலாமா?

ஹாட் ஷூவின் (ஃபிளாஷைக் கேமராவில் செருகும் அடிப்பாதம்) நடுப்புள்ளிக்கும் ஓரத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, டி.சி.யில் பெரிய ரேஞ்சில் அளந்து பாருங்கள். இப்போதைய ஃபிளாஷ்களில் சில வோல்ட் காட்டும். சில பழைய மாடல்களில் 200 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். அதைக் கேமரா மேல் நேரடியாக மாட்டினால் கேமராவின் சர்க்யூட் போய்விடும். ரேடியோ ரிசீவரில் மாட்டினாலும் ரிசீவர் எவ்வளவு தாங்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பழைய ஃபிளாஷைப் பிரித்து, டியூபை மட்டும் எடுத்து வளையத்தில் பொருத்தினால் எடை குறையுமே?

வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவில் மின்சாரம் தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும்கூட. உயிருக்கே ஆபத்து. ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி பாகம் எல்லாம் கிடைக்கிறது என்பதற்காக இதில் கை வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஃபிளாஷைத் திறக்கும் வேலை ஒன்றுகூட இல்லை. அது வேண்டுமென்றே செய்தது.

எடை தாங்குமா? கையில் பிடித்து எடுக்கலாமா?

ஒரு ஸ்பீட்லைட் நான்கு செல்லோடு அரைக் கிலோவை நெருங்கும். நான்குக்கு இரண்டு கிலோ. பேசின், பலகை, அக்ரிலிக் சேர்த்தால் மூன்றரைக்கு மேல் போகும். கேமராவோடு இணைக்கவே கூடாது, லென்ஸ் மவுண்ட் பிடுங்கிக்கொள்ளும். பலகையை லைட் ஸ்டாண்டில் மாட்டுங்கள். கேமரா கையிலோ தனி டிரைபாடிலோ இருக்கட்டும், குழாய்க்குள் லென்ஸை நுழைத்து எடுங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு எடுத்துப் போக ஆசைப்படுபவர்களுக்கு: நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்தால் இந்த வட்டம் பாய்மரம் மாதிரி நிற்கும். ஸ்டாண்ட் காலில் மணல் மூட்டையோ தண்ணீர் கேனோ கட்டாமல் விடாதீர்கள். திரும்பி வந்ததும் ஹாட் ஷூ தொடுபுள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக் காற்றில் அவை சீக்கிரம் பச்சை பூக்கும்.

எந்த லென்ஸ்?

ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ., சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. ஃபுல் ஃபிரேமில் 50 போட்டால் குழாயின் விளிம்பு மூலைகளில் கறுப்பாகத் தெரியும். லென்ஸை இன்னும் 5 செ.மீ. உள்ளே தள்ளினால் தப்பிக்கலாம். அதைவிட அகலமான லென்ஸ் இதற்கு உதவாது.

எந்த செட்டிங்கில் ஆரம்பிப்பது?

முகம் ஒன்றரை மீட்டரில். எல்லா ஃபிளாஷும் 1/8. ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/160, எஃப் 5.6.

எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: நான்கு சேர்ந்த கைடு நம்பர் 72. அதில் 1/8 சக்திக்கு ஏறக்குறைய 25. ஒன்றரையால் வகுத்தால் எஃப் 17. மோதித் திரும்புவதிலும் டிஃப்யூசரிலும் மூன்று ஸ்டாப் போகிறது என்று வைத்தால் எஃப் 6. உங்கள் பேசின் இதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ விழுங்கும். கேமராவின் ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்துங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல், டிஃப்யூசர் போட்ட பிறகு ஒரு கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) படமெடுத்துக் கையால் அமையுங்கள்.

நம் ஊர் முகங்களுக்கு இந்த ஒளி பொருந்துமா?

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இது மிக அழகாகப் பொருந்தும் என்பது என் கட்சி. கன்னமேட்டிலும் நெற்றியிலும் வரும் மினுமினுப்புதான் அந்தத் தோலின் வடிவத்தைக் காட்டுகிறது. சமமான ஒளியில் அந்த மினுப்பு சுத்தமாக விழும். சிவப்பழகுக்காக வெளுக்க வைக்கும் எண்ணத்தில் ஒரு ஸ்டாப் கூட்டி எடுப்பவர்கள் அதைத்தான் கொல்கிறார்கள்.

மினுப்பு வேறு, வியர்வை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் வெளியிலிருந்து வந்தவரை உடனே உட்கார வைக்காதீர்கள். மின்விசிறியின் கீழ் கொஞ்ச நேரம் இருக்கட்டும், டிஷ்யூவால் ஒற்றி எடுக்கட்டும், தேய்த்தால் சிவக்கும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு வளையம் அப்படியே கண்ணாடியில் விழும். காதுப்பக்கக் கம்பியைச் சற்றுத் தூக்கி, முகவாயைத் தாழ்த்தச் சொன்னால் குறையும், முழுதாகப் போகாது. பட்டுப்புடவைக்கு நான் இதைப் பயன்படுத்துவதில்லை: நேரே வரும் ஒளியில் நெசவின் மேடுபள்ளம் படுத்துவிடும், ஜரிகை மட்டும் வெளுத்துத் தெறிக்கும். புடவைதான் படத்தின் நாயகி என்றால் பக்கவாட்டில் ஒரே ஒரு ஃபிளாஷ் போதும்.

கண் சிவப்பாக விழுகிறதே?

ஒளி லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் வருவது. அறை விளக்கை அணைக்காதீர்கள். இருட்டில் கண்பாவை விரிந்து, விழித்திரையின் சிவப்பு திரும்பி வரும். பேசினின் அகலம் இங்கே கைகொடுக்கிறது, சிறிய வளையங்களில் இந்தத் தொல்லை அதிகம்.

பூச்சி, பூ எடுக்கலாமா?

இது அதற்குப் பெரிது. கிண்டிப் பக்கம் பட்டாம்பூச்சிக்குப் பின்னால் பேசினோடு ஓட முடியாது. மேக்ரோவுக்கு இரண்டு சிறிய ஃபிளாஷை லென்ஸின் இரு பக்கமும் வைத்து, முன்னால் ஒரு டிஃப்யூசர் போட்டால் போதும்.

செல்போனில் எடுக்கலாமா?

முடியாது. சாதாரணமாகப் போனின் ஷட்டரும் இந்த ஃபிளாஷ்களும் ஒரே நேரத்தில் சந்திக்க வழியில்லை. எல்.இ.டி.தான்.

பேட்டரி?

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை டபுள் ஏ செல், பதினாறு. ஒரு ஃபிளாஷுக்கு நான்கு என்று எண் எழுதி, அந்த நான்கையும் எப்போதும் சேர்த்தே பயன்படுத்துங்கள், சேர்த்தே சார்ஜ் போடுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் ஒரு மூலை பின்தங்கி, வளையம் முக்கால் வட்டமாகும். வேலை முடிந்ததும் செல்களைக் கழற்றி வையுங்கள், ஃபிளாஷ்களை சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் போடுங்கள். முழு சக்தியில் விடாமல் இருபது முப்பது முறை அடித்தால் தலை சூடேறி, சில மாடல்கள் தாமாகவே நின்றுவிடும். ஆற விட்டால் மறுபடி வேலை செய்யும். 1/8-ல் அந்தக் கவலை அநேகமாக வராது.